சரக்கு ராக்கெட் கிளம்புகிறது: பெங்களூருவில் இருந்தபடி பார்ப்பது எப்படி

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு, உடுப்பு, உதிரிபாகம், ஆய்வுச் சாமான் எல்லாம் ஆளில்லாத சரக்குக் கலங்களில்தான் போகின்றன. வருடத்தில் பல முறை நடக்கும் வேலை. ஆள் ஏறிப் போகும் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் ஆர்ப்பாட்டம் இதற்குக் கிடைப்பதில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. ராக்கெட் கிளம்பியதும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு யூடியூபை மூடிவிடுவார்கள். கலம் நிலையத்தைத் துரத்திப் பிடிப்பது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தத் துரத்தல் நடக்கும்போதே நிலையம் உங்கள் மொட்டை மாடிக்கு மேலாகவும் போகக்கூடும். அதனால் முதலில் ஒரு துண்டுத் தாளை எடுத்து நாலு நேரங்களுக்கு இடம் விடுங்கள்: ஒளிபரப்பு தொடங்கும் நேரம், ராக்கெட் கிளம்பும் நேரம், கலம் நிலையத்தில் சேரும் நேரம், நிலையம் பெங்களூரு வானைக் கடக்கும் நேரம். எல்லாம் இந்திய நேரத்தில்.

எந்த வண்டி என்று முதலில் பாருங்கள்

வண்டியைப் பொறுத்து எல்லாம் மாறும். ஸ்பேஸ்எக்ஸின் கார்கோ டிராகன் ஃபுளோரிடாவிலிருந்து ஃபால்கன் 9 ராக்கெட்டில் போகும். வேலை முடிந்து பூமிக்குச் சாமானோடு திரும்பி, கடலில் இறங்கும். நார்த்ராப் க்ரம்மனின் சிக்னஸ் முன்பு வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து அன்டாரெஸ் ராக்கெட்டில் போய்க்கொண்டிருந்தது. 2024 ஜனவரியிலிருந்து அதுவும் ஃபால்கன் 9-இல்தான் போகிறது. ரஷ்யாவின் ப்ராக்ரெஸ், கஜகஸ்தானின் பைக்கானூரிலிருந்து சோயூஸ் ராக்கெட்டில் சுமார் இரண்டரை டன் சுமந்து போகும். ஜப்பானின் எச்டிவி எக்ஸ், 2025 அக்டோபர் 26 அன்று முதல் தடவையாக தானேகஷிமாவிலிருந்து எச்3 ராக்கெட்டில் போனது. சிக்னஸும் ப்ராக்ரெஸும் திரும்பி வருவதில்லை. குப்பையை அடைத்து வளிமண்டலத்தில் எரிய விட்டுவிடுவார்கள்.

சீனாவின் தியான்கோங் நிலையம் தனி. அதற்கு தியான்ஜோ என்ற கலம் ஹைனான் தீவின் வென்சாங்கிலிருந்து போகிறது.

முதல் தடவை பார்ப்பவர்கள் டிராகனில் ஆரம்பியுங்கள். கேமராக்கள் அதிகம், திரையிலேயே வேகமும் உயரமும் ஓடும், ராக்கெட்டின் கீழடுக்கு திரும்பி வந்து இறங்குவதும் உண்டு. மூன்று நாலு பார்த்த பிறகு ப்ராக்ரெஸுக்குப் போனால் அதன் அழகு புரியும்.

இவற்றில் ஒன்றுகூட இந்தியாவிலிருந்து கிளம்புவதில்லை. ராக்கெட்டின் சத்தத்தை நேரில் கேட்க வேண்டும் என்றால் ஸ்ரீஹரிகோட்டாதான் வழி. அங்கே போவது செயற்கைக்கோள் ராக்கெட்டாக இருக்கும், அவ்வளவுதான். இஸ்ரோவின் பார்வையாளர் மாடத்துக்கு ஏவுதலுக்குச் சில நாள் முன்பு இணையத்தில் பதிவு திறக்கும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அசல் அடையாள அட்டை வேண்டும். பெங்களூருவிலிருந்து திருப்பதி, காளஹஸ்தி வழியாக சூளூர்ப்பேட்டைக்குக் காரில் ஆறேழு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே போனால் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள்: நெருப்பு தெரிந்த நொடியிலிருந்து சத்தம் வந்து சேரும் வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்.

நேரக் கணக்கு

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஃபுளோரிடா நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கூட்ட வேண்டும். அங்கே கோடை நேரம் என்பது மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அமெரிக்க டீமோடு கால் பேசிப் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் அறிவிப்பில் யுடிசி (உலகப் பொது நேரம்) இருந்தால் அதையே எடுத்து ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். அது எந்த மாதத்திலும் மாறாது. மாஸ்கோ நேரத்தோடு இரண்டரை கூட்ட வேண்டும். ஜப்பான் நேரத்திலிருந்து மூன்றரையும் சீன நேரத்திலிருந்து இரண்டரையும் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். டிராகனின் 31ஆவது சரக்குப் பயணம் ஃபுளோரிடாவில் 2024 நவம்பர் 4, இரவு 9:29-க்குக் கிளம்பியது. பத்தரை கூட்டினால் நமக்கு நவம்பர் 5, காலை 7:59. தேதியே மாறிவிட்டது. ஸ்கூல் பஸ் வரும் நேரம். இதில் இன்னொரு சிக்கல்: நவம்பர் 3-ஆம் தேதிதான் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். பழைய பழக்கத்தில் ஒன்பதரை கூட்டியிருந்தால் 6:59-க்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்திருப்பீர்கள். மார்ச்சில் இதே தவறு இன்னும் மோசம், ஒரு மணி நேரம் பிந்திப்போய் உட்காருவீர்கள்.

சுபான்ஷு சுக்லா போன பயணம் பலருக்கு நினைவிருக்கும்: 2025 ஜூன் 25, ஃபுளோரிடாவில் அதிகாலை 2:31, நமக்குப் பகல் 12:01. அது கோடை, ஆகவே ஒன்பதரை.

ஏன் அந்த ஒரே நொடி

சில செயற்கைக்கோள் ராக்கெட்டுகளுக்கு இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று அவகாசம் இருக்கும். நிலையத்துக்குப் போகும் ராக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலையத்தின் பாதையை பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்ந்த ஒரு பெரிய வளையமாக மனதில் வையுங்கள். அதற்குள்ளே பூமி சுழல்கிறது. ஏவுதளம் அந்த வளையத்துக்கு நேர் கீழே வரும் கணத்தில் கிளம்பினால்தான் அதே தளத்தில் போய்ச் சேர முடியும். ராக்கெட்டைப் பக்கவாட்டில் திருப்பிச் சரிசெய்ய ஏகப்பட்ட எரிபொருள் செலவாகும்.

ஃபால்கன் 9-க்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. அதில் ஊற்றும் திரவ ஆக்சிஜனைச் சுமார் மைனஸ் 207 டிகிரிக்குக் குளிர்வித்து அடர்த்தியாக்கி வைக்கிறார்கள். தொட்டியில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் சூடேறி விரிந்துவிடும். அதனால் எரிபொருள் ஏற ஆரம்பித்த பிறகு 'ஹோல்டு' (நிறுத்தி வை) என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்கு இனி இல்லை, 'ஸ்க்ரப்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரப் ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு அலாரம் வைக்காதீர்கள். அந்த வளையம் நாளுக்கு நாள் மெல்லத் திரும்புவதால், ஒவ்வொரு நாளும் கிளம்பும் நேரம் சுமார் 20 முதல் 25 நிமிடம் முந்தி வரும். இன்று 12:15 என்றால் நாளை 11:50-ஐ ஒட்டி இருக்கும். சில சமயம் ஒரேயடியாகப் பல நாள் தள்ளிப்போகும். குளிர்பதனத்தில் வைத்து ஏற்றிய உயிரியல் ஆய்வுச் சாமான்களைக் கடைசி நாளில்தான் ஏற்றுவார்கள். தாமதம் நீண்டால் அதை இறக்கிப் புதிதாக மாற்ற வேண்டும்.

ஸ்க்ரப்புக்குப் பெரும்பாலும் காரணம் வானிலைதான். ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடிமேகம் கட்டும். மழை பெய்யாவிட்டாலும், பாதையில் மின்னேற்றம் உள்ள மேகம் இருந்தாலே நிறுத்திவிடுவார்கள். மேலடுக்குக் காற்று, தடைசெய்த கடல் பகுதிக்குள் நுழைந்துவிட்ட ஒரு படகு, வால்வு கோளாறு என்று மற்றவை வரிசையில் நிற்கும். சோயூஸ் அப்படியில்லை, பனி கொட்டும்போதும் கிளம்பிப் போகும்.

எங்கே, எப்படிப் பார்ப்பது

அமெரிக்கக் கலங்களுக்கு நாசாவின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல் அல்லது நாசா பிளஸ். ஸ்பேஸ்எக்ஸின் சொந்த ஒளிபரப்பு எக்ஸ் தளத்தில் வரும். ரஷ்யக் கலத்துக்கு ராஸ்காஸ்மாஸ், ஜப்பானியக் கலத்துக்கு ஜாக்ஸா. யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்பது சில சமயம் போலிச் சேனலாக இருக்கும். பழைய ஏவுதலை 'லைவ்' என்று ஓட்டி, மூலையில் ஒரு கியூஆர் கோடு வைத்து, கிரிப்டோ அனுப்பினால் இரட்டிப்பாகத் தருகிறோம் என்பார்கள். எந்த விண்வெளி அமைப்பும் ஒளிபரப்பில் பணம் கேட்காது. முந்தின நாளே சரியான சேனலைத் திறந்து நினைவூட்டல் மணியை அழுத்திவிடுங்கள்.

ஒளிபரப்பு நிஜ நேரத்துக்குப் பத்து நொடி முதல் அரை நிமிடத்துக்கு மேலும் பின்தங்கி வரும். வைஃபையில் ஓடும் டிவியும் மொபைல் டேட்டாவில் ஓடும் போனும் ஒன்றாக இருக்காது. இடையில் நிறுத்தி ஓட்டினால் 'லைவ்' பொத்தானை அழுத்தி நுனிக்கு வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாராவது முன்கூட்டியே கத்திவிடுவார்கள், கிளம்பும் நேரத்தில் அதை மூடி வைப்பது நல்லது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து போகும். போனைச் சார்ஜ் செய்து டேட்டாவோடு வைத்திருங்கள்.

ஃபால்கன் 9 என்றால் குறைந்தது 40 நிமிடம் முன்பு உட்காருங்கள். கிளம்ப 38 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் ஏற்ற அனுமதி. 35 நிமிடத்தில் மண்ணெண்ணெய் ரக எரிபொருளும் முதல் நிலையின் (கீழடுக்கின்) ஆக்சிஜனும் ஏற ஆரம்பிக்கும். 16 நிமிடத்தில் இரண்டாம் நிலைக்கு (மேலடுக்குக்கு) ஆக்சிஜன். 7 நிமிடத்தில் எஞ்சினைக் குளிர்விப்பார்கள். சூடான உலோகத்தில் சடாரென்று அவ்வளவு குளிர்ந்த திரவம் பாயக் கூடாது. ஒரு நிமிடத்தில் ராக்கெட்டின் கணினி பொறுப்பை எடுத்துக்கொள்ளும். 45 நொடியில் ஏவுதல் இயக்குநர் 'கோ' சொல்வார். கடைசி மூன்று நொடியில் ஒன்பது எஞ்சின்களும் பற்றும். ராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் புகை பரவினால் பதறாதீர்கள், அது கொதித்து வெளியேறும் ஆக்சிஜன். கிளம்பும்போது உடம்பிலிருந்து உதிரும் வெள்ளைச் சில்லுகள் பனிக்கட்டி.

முதல் பன்னிரண்டு நிமிடம்

ஒரு நிமிடம் தாண்டியதும் 'மேக்ஸ் கியூ' என்ற அறிவிப்பு. காற்றின் அழுத்தம் ராக்கெட்டை அதிகம் நெருக்கும் இடம் அது. இரண்டரை நிமிடத்தை ஒட்டி முதல் நிலை எஞ்சின்கள் அணையும், சில நொடியில் அடுக்குகள் பிரியும், இரண்டாம் நிலை பற்றும். இந்த ஐந்தாறு நொடிகளில் கண்ணை எடுக்காதீர்கள். 2015 ஜூன் 28 அன்று டிராகனின் ஏழாவது சரக்குப் பயணம் 139ஆவது நொடியில், பிரிவதற்குச் சற்று முன்னால்தான் சிதறியது. மேல் தொட்டிக்குள் ஹீலியம் குடுவையைப் பிடித்திருந்த ஒரு தாங்கி முறிந்ததே காரணம் என்று ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது.

பிரிந்த பிறகு திரை இரண்டாகும். ஒரு பக்கம் கீழே இறங்கும் முதல் நிலை, இன்னொரு பக்கம் இரண்டாம் நிலையின் எஞ்சின் வாய். அந்த வாய் ஆரஞ்சாகக் கனன்று சிவக்கும். அந்தச் சூட்டைத் தாங்கத்தான் அதை நியோபியம் கலந்த உலோகத்தில் செய்திருக்கிறார்கள். விளிம்பில் ஒரு வெள்ளைக் கட்டி ஒட்டி ஆடி, பிய்ந்து பறப்பதையும் பார்க்கலாம்: உறைந்த ஆக்சிஜன். புதியவர்கள் இதைப் பார்த்து ஏதோ கழன்றுவிட்டது என்று மிரள்வது வழக்கம்.

எட்டு நிமிடத்தை ஒட்டி முதல் நிலை தரையிலோ கடலில் நிற்கும் தட்டையான கப்பலிலோ இறங்கும். கப்பலாக இருந்தால் சில சமயம் சரியாக அந்தக் கணத்தில் படம் உறைந்து நிற்கும். அதிர்வில் செயற்கைக்கோள் தொடர்பு அறுந்துவிடுகிறது, அவ்வளவுதான். அரை நிமிடம் பொறுத்தால் நிற்கும் ராக்கெட்டைக் காட்டுவார்கள். ஒன்பது நிமிடத்துக்குள் இரண்டாம் நிலையும் அணையும். அப்போது திரையில் வேகம் மணிக்கு 27,000 கிலோமீட்டரை ஒட்டியும் உயரம் சுமார் 200 கிலோமீட்டராகவும் நிற்க வேண்டும். பிறகு கலம் பிரிந்து மெதுவாக விலகும்.

சோயூஸில் திரை எண்கள் எதிர்பார்க்காதீர்கள். அங்கே காதுதான் வேலை செய்ய வேண்டும். ஒரு குரல் நொடிகளைச் சொல்லி 'பல்யோத் நர்மால்னி' என்று அடிக்கடி முடிக்கும். பயணம் சீராக இருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிடத்தை ஒட்டி நாலு பக்கத் துணை ராக்கெட்டுகளும் ஒன்றாகக் கழன்று விரியும். வானம் தெளிவாக இருந்தால் தரைக் கேமராவில் அது சிலுவை மாதிரித் தெரியும்.

துரத்தல்

இப்போதுதான் மூடிவிடக் கூடாது. நிலையம் 400 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது, கலமோ 200-இல். தாழ்வான பாதையில் ஒரு சுற்றுக்கு 88 நிமிடம் சொச்சம், நிலையத்துக்கு 93 நிமிடம். அதனால் கீழே இருப்பவர் சுற்றுக்கு நாலு நிமிடம் முந்திக்கொண்டே வருவார். எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கி உயரம் ஏறி, சரியான இடத்தில் நிலையத்துக்குப் பின்னால் வந்து நிற்பதுதான் வித்தை. 31ஆவது டிராகன் காலையில் கிளம்பி அன்று இரவே (நம் நேரம்) சேர்ந்துவிட்டது. வேறு சில டிராகன்களுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ப்ராக்ரெஸ் சில தடவை மூன்றரை மணி நேரத்தில், பெரும்பாலும் இரண்டு நாளில். சேரும் நேரத்தைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். 2025 செப்டம்பரில் போன பெரிய ரக சிக்னஸின் முதன்மை எஞ்சின், பாதை உயர்த்தும்போது நினைத்ததற்கு முன்பே அணைந்துவிட்டது. 17-ஆம் தேதி சேர வேண்டியது 18-ஆம் தேதி சேர்ந்தது.

டிராகன் தானாகவே வந்து பொருந்தும். 400 மீட்டரில் ஒரு நிறுத்தம், 220-இல் ஒன்று, 20-இல் ஒன்று. கடைசி மீட்டர்களில் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் கீழே, ஊர்கிற வேகம். முதலில் மெல்லத் தொட்டுப் பிடிக்கும், பிறகு 12 கொக்கிகள் இறுக்கும். சிக்னஸும் எச்டிவி எக்ஸும் சில மீட்டர் தூரத்தில் அசையாமல் நிற்க, நிலையத்தின் 17 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோபோக் கை நீண்டு பிடித்துக்கொள்ளும். எங்களைக் கேட்டால் கைதான் பார்க்க விறுவிறுப்பு. நடுவே படம் நீலமாகிவிட்டால் படத்தை அனுப்பும் செயற்கைக்கோள் மாறுகிறது என்று பொருள், சில நிமிடத்தில் வந்துவிடும். கதவு உடனே திறக்காது. கசிவு சோதனைக்கே நேரம் பிடிக்கும். அதற்காக விழித்திருக்க வேண்டாம்.

இந்த ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு சின்னக் கலங்களை 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியில் இணைத்ததை பெங்களூருவில் இருக்கும் இஸ்ட்ராக் என்ற இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்திலிருந்துதான் இயக்கினார்கள். சில நாள் முன்பு 3 மீட்டர் வரை நெருங்கவிட்டு, திரும்பப் பின்னுக்கு எடுத்தார்கள். கடைசி மீட்டர்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று பொறுமை போகும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில்

நாலாவது நேரம் உங்கள் வானத்துடையது. போனில் நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் ஆப்பையோ ஹெவன்ஸ் அபவ் தளத்தையோ திறங்கள். இரண்டாவதில் இடம் குறிக்காமல் விட்டால் 0, 0 என்று எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு அருகே கடலுக்கு நேரம் சொல்லும். 12.97 வடக்கு, 77.59 கிழக்கு என்று போடுங்கள்.

பட்டியலில் உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் உள்ளதை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே என்றால் பக்கத்து அபார்ட்மெண்ட் மறைத்துவிடும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, அடிவானத்திலிருந்து நாலு முஷ்டி. ஒளி எண் சிறியதாக இருக்க இருக்கப் பிரகாசம்: மைனஸ் 3, பிளஸ் 1-ஐ விட மிக வெளிச்சம். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு முன்தான் தெரியும். நாம் இருட்டில் இருக்க, அது வெயிலில் இருக்க வேண்டும். அதனால்தான் பாதி வானத்தில் போகும்போதே சட்டென்று அணைந்தும் போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. சில நாள் தொடர்ந்து வரும், பிறகு நாள்கணக்கில் ஒன்றுமே இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தோதாக இருக்கும். ஜூனிலிருந்து மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மாடிச் சாவி செக்யூரிட்டியிடமா அசோசியேஷனிடமா என்று பகலிலேயே கேட்டு வையுங்கள். ஐந்து நிமிடம் முன்பு மேலே இருங்கள். போன் திசைகாட்டியை லிஃப்ட் அறை, இரும்புத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும். மாடியின் நடுவில் வந்து பாருங்கள். தேவனஹள்ளிக்கு இறங்கும் விமானங்கள்தான் ஏமாற்றும். விமானம் என்றால் மினுக்கும், சிவப்பு பச்சை தெரியும். நிலையம் மினுக்காது, சத்தமும் இல்லை, ஒரே சீராக நகரும் வெள்ளைப் புள்ளி. முழுக் கடத்தலும் ஐந்தாறு நிமிடம்.

ராக்கெட் கிளம்பிய மறுநாள் மாலையில் கடத்தல் அமைந்தால், ஹெவன்ஸ் அபவில் கலத்தின் பெயரையும் தேடிப் பாருங்கள். நிலையம் போன அதே தடத்தில் சில நிமிடம் முந்தியோ பிந்தியோ மங்கலான இன்னொரு புள்ளி போகும். அல்சூர், சிவாஜிநகர் வெளிச்சத்தில் அது தெரிவது கஷ்டம். கனகபுரா சாலையில் ஊர் தாண்டியோ ஹெசரகட்டா பக்கமோ போனால் வாய்ப்பு அதிகம். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தில் போன் திரையைப் பார்க்காதீர்கள். நிலையம் போய்விட்டது என்று உடனே கீழே இறங்காமல் அதே திசையில் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.